கறுப்புத் துணிக்குள் சிலர்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் வருஷக் கடைசியில் குரூப் போட்டோ எடுப்பார்கள். அன்றைக்குப் பாடம் கிடையாது. காலையிலேயே பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வரிசையாகப் போடுவோம். நடுவில் தலைமை ஆசிரியரும் மற்ற ஆசிரியர்களும் நாற்காலியில் உட்காருவார்கள். அவர்கள் காலடியில் சின்னப் பையன்கள் சப்பணம் கட்டிக்கொண்டு இருப்பார்கள். எல்லாம் ஒழுங்கான பிறகு போட்டோக்காரர் வருவார். மரப் பெட்டி ஒன்று, அதற்கு ஆர்மோனியத்துக்கு இருப்பது போல மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி, மூன்று கால் ஸ்டாண்டு. கறுப்புத் துணி ஒன்றைத் தலைமேல் போட்டுக்கொண்டு அவர் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடுவார். பிறகு வெகு நேரம் அவருடைய இரண்டு கால்கள் மட்டுமே தெரியும்.

அந்தத் துணிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆவல். ஒரு வருஷம் அவருக்குச் சோடா வாங்கிவந்து கொடுத்த புண்ணியத்தில், "வாடா தம்பி, பாரு" என்று துணியைத் தூக்கி என்னை உள்ளே விட்டார். இருட்டில் ஒரு சொரசொரப்பான கண்ணாடி. அதில் வேப்பமரம் தலைகீழாக நின்றது. அதன் கீழே, அதாவது மேலே, எங்கள் தலைமை ஆசிரியர் அங்கவஸ்திரத்தோடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அவரை அந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று எங்களில் எத்தனையோ பேருக்கு ஆசை உண்டு. பார்க்கும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு வேறொன்றும் தோன்றியது. அந்தக் கண்ணாடியில் தெரிந்த வேப்பமரம் வெளியே நின்ற வேப்பமரத்தைக் காட்டிலும் அழகாக இருந்தது. ஏன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு, சென்னையில் ஒரு சிநேகிதர் வீட்டில், ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கரின் பெரிய படப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது அந்த வேப்பமரம் திரும்பவும் ஞாபகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த மனிதரைப் பற்றியும், அவரோடு கறுப்புத் துணிக்குள் புகுந்த மற்றவர்களைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரணக் காமிராவில் போடும் ஃபிலிம் சுருளில் ஒரு படத்துக்கு உரிய இடம் ஒன்றரை அங்குல நீளம்கூட இல்லை. பெரிய பெட்டியில் சுருள் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு தாள். நாலுக்கு ஐந்து அங்குலம், எட்டுக்குப் பத்து அங்குலம் என்று தாளுக்கு அளவு உண்டு. எட்டுக்குப் பத்துத் தாள், சின்ன ஃபிலிமைப் போல் சுமார் 60 மடங்கு பெரியது. அதைப் பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை. காகிதத்தின் மேல் அப்படியே வைத்து அச்செடுக்கலாம். பாறையில் உள்ள கீறல், மரப்பட்டையில் உள்ள செதில், எதுவும் தப்பாது. ஆனால் பெட்டியைத் தூக்க வேண்டும், ஸ்டாண்டை ஊன்ற வேண்டும், துணிக்குள் போக வேண்டும். பறக்கிற குருவியை அதில் பிடிக்க முடியாது. குருவி வந்து உட்காருகிற மரத்தைப் பிடிக்கலாம்.

ஆடம்ஸுக்கு முன்னால் கலிபோர்னியாவில் இந்தச் சுமையைத் தூக்கியவர் கார்ல்டன் வாட்கின்ஸ். 1861-ஆம் வருஷம் இவர் யோஸெமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போனார். 18-க்கு 22 அங்குலக் கண்ணாடிப் பிளேட் கொள்ளும்படி தனியாகச் செய்து வாங்கிய காமிராவோடு போனார். பெட்டிகளும் மருந்துப் புட்டிகளும் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறின. அந்தக் காலத்து முறையில் பிளேட்டில் மருந்தை ஊற்றி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, உலருவதற்குள் கழுவிவிட வேண்டும். மலைச்சரிவில் இருட்டுக் கூடாரம் போட்டுக்கொண்டு இதையெல்லாம் செய்தார். அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுஜனங்களுக்காகப் பாதுகாக்கும் சட்டத்தில் 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டதற்கு வாட்கின்ஸின் படங்களும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

அதற்கு மூன்று வருஷம் முந்தி, 1858-இல், லின்னியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயக் காப்டன் நம் தஞ்சாவூரில் இதே மாதிரி பெரிய பெட்டியோடு நின்றிருக்கிறார். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மறு வருஷம் சென்னைக்குக் கவர்னராக வந்த டிரவெல்யன் துரை, இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி நிறுத்திவிட்டார். ட்ரைப்பும் அதோடு ஏறக்குறைய காமிராவையே விட்டுவிட்டார். அவருக்கு ஒரு ஸ்ட்ராண்டு அகப்படவில்லை. ஸ்ட்ராண்டு யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1906-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஸான்பிரான்ஸிஸ்கோவில் பெரிய பூகம்பம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த தீயில் வாட்கின்ஸின் கூடம் எரிந்து, வாழ்நாள் உழைப்பெல்லாம் சாம்பலாயிற்று. அப்போது அவர் கண் பார்வை மங்கிய கிழவர். கையில் தடியோடு, பக்கத்தில் ஒருவர் பிடித்து அழைத்துப் போக, தெருவில் அவர் நடந்து போகும் படம் ஒன்று இருக்கிறது. நாலு வருஷம் கழித்து அவரை மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். 1916-இல் அங்கேயே காலமானார். அதே பூகம்பத்தின் பின்னதிர்ச்சி ஒன்றில், அதே ஊரின் கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றில், நாலு வயதுப் பையன் ஒருவன் தோட்டத்துச் சுவரில் போய் மோதி மூக்கை உடைத்துக்கொண்டான். அந்த மூக்கு கடைசி வரையில் கோணலாகவே இருந்தது. பையன் பெயர் ஆன்ஸல் ஆடம்ஸ். வாட்கின்ஸ் இறந்த 1916-ஆம் வருஷத்தில்தான், பதினான்கு வயதில், ஒரு சின்னக் கோடக் பெட்டியோடு அவன் முதன் முதலாக யோஸெமிட்டிக்குப் போனான். கதையில் நான் இப்படி எழுதினால் ஆசிரியர், "ரொம்பச் செயற்கையாக இருக்கிறது, ஸார்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆடம்ஸ் போட்டோக்காரர் ஆவதாக இல்லை. பியானோ வாசிப்பதுதான் தம் தொழில் என்று வைத்திருந்தார். வீட்டிலும் அதுதான் எதிர்பார்ப்பு. கோடையில் மலைக்குப் போவது, படம் எடுப்பது எல்லாம் ஓய்வு நேரத்துப் பைத்தியம்.

1927-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி, யோஸெமிட்டியில் ஹாஃப் டோம் என்ற மலைக்கு எதிரே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பாறை விளிம்புக்கு ஏறினார். கூட வந்தவர்களில் மறு வருஷம் அவர் மனைவியான வர்ஜீனியா பெஸ்டும் ஒருவர். முதுகில் காமிரா, லென்ஸ், ஸ்டாண்டு, பன்னிரண்டு கண்ணாடிப் பிளேட்டுகள். வழியெல்லாம் படம் எடுத்துப் பிளேட்டுகளைத் தீர்த்துவிட்டார். விளிம்பை அடைந்தபோது பாக்கி இருந்தவை இரண்டே இரண்டு. எதிரே செங்குத்தான கற்சுவர், ஓரத்தில் பனி.

மஞ்சள் கண்ணாடியை லென்ஸின் மேல் மாட்டி ஒரு பிளேட்டைச் செலவழித்தார். மூடியை மூடிய பிறகுதான் மனத்தில் சுருக்கென்றது. வரப்போகிற படத்தை நினைத்துப் பார்த்தார்: மலை இருக்கும், வானம் இருக்கும், எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அங்கே நிற்கும்போது நெஞ்சில் இருந்த திகில் அதில் இருக்காது. வானம் கறுத்து, அந்தக் கல் அதன் முன்னால் எழும்பி நிற்க வேண்டும் என்று தோன்றியது. ஆழ்ந்த சிவப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். சிவப்பு, வானத்து நீலத்தை உள்ளே விடாது. பிளேட்டில் வானம் இருண்டு போகும், பனி மட்டும் வெளுப்பாக நிற்கும். ஐந்து வினாடி. கடைசிப் பிளேட் தீர்ந்தது. அந்தப் படம் இன்றும் உலகத்தில் பிரசித்தமாக இருக்கிறது.

நடந்ததைக் காகிதத்தில் போடுவது, நமக்கு நடந்ததைப் போடுவது என்று எழுத்திலும் இரண்டு உண்டு. முதலாவதை முடித்துவிட்டு, கதை எழுதியாகிவிட்டது என்று பேனாவை மூடிய நாட்கள் எனக்கு எத்தனையோ. எனக்குப் பிளேட் தட்டுப்பாடும் இல்லை; காகிதம் தாராளமாகக் கிடைக்கிறது.

அந்த வருஷமே ஆடம்ஸின் 18 படங்கள் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. அதில் ஒரு வேடிக்கை. போட்டோ என்று சொன்னால் கலை என்று யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்து, 'பார்மீலியன் பிரிண்டுகள்' என்று ஒரு பெயரைக் கற்பனை செய்து அட்டையில் போட்டார்கள். அப்படி ஒரு சொல்லே கிடையாது. போட்டோக்காரர்கள் தங்களைப் போட்டோக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்ட காலம் அது. மங்கலான லென்ஸில் எடுத்து, பிரஷ்ஷால் தடவி, கரித்துண்டால் வரைந்தது போலச் செய்தால்தான் பரிசு கிடைக்கும். போட்டோ, ஓவியத்தின் ஏழைப் பங்காளியாக இருந்தது.

இனி ஸ்ட்ராண்டு. 1930-இல் ஆடம்ஸ் நியூ மெக்ஸிகோவில் டாவ்ஸ் என்ற ஊருக்குப் போயிருந்தபோது பால் ஸ்ட்ராண்டைச் சந்தித்தார். ஸ்ட்ராண்டு இவரைவிட மூத்தவர். நியூயார்க்கில் பெயர் பெற்றவர். படங்களைக் காட்டும்படி கேட்டதற்கு, அச்செடுத்த படம் ஒன்றும் கைவசம் இல்லை, நெகடிவ்தான் இருக்கிறது என்றார். பரவாயில்லை என்று ஆடம்ஸ் சொன்னார். வெயிலில் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்துக்கொண்டு ஸ்ட்ராண்டு ஒவ்வொரு நெகடிவாகப் பிடித்துக் காட்டினார். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கிற சின்னத் தாள்கள். மற்றவர்களுக்கு அதில் ஒன்றும் விளங்கியிராது. ஆடம்ஸுக்குப் பியானோ நினைவு போய்விட்டது.

ஊருக்குத் திரும்பி, இனிமேல் காமிராதான் தொழில் என்று அறிவித்தார். தாயாரும் அத்தையும் பதறிப் போனார்கள். பியானோவை விடாதே, மனித ஆத்மாவைக் காமிராவால் சொல்ல முடியாது என்று மன்றாடினார்கள். காமிராவால் முடியாமல் இருக்கலாம், அதைப் பிடித்திருக்கிறவனால் முடியலாம் என்பது அவர் பதில். சாமர்த்தியமான பதில்தான். ஆனால் அந்தத் தாயாரின் பயத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குடும்பத்துக்கு ஏற்கெனவே பணக் கஷ்டம். மனைவி இருக்கிறாள். மகனோ, யாரோ ஒருவர் வெயிலில் பிடித்துக் காட்டிய நாலு நெகடிவைப் பார்த்துவிட்டு வந்து தொழிலை மாற்றுகிறேன் என்கிறான்.

தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ தெரியாது. கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஓக்லண்டில் 683, பிராக்ஹர்ஸ்ட் தெரு என்ற விலாசத்தில் வில்லர்ட் வான் டைக் என்ற இளைஞர் ஒரு சின்னக் கூடம் வைத்திருந்தார். 1932-இல் அங்கே சிலர் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். வான் டைக், ஆடம்ஸ், எட்வர்டு வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம், ஸோன்யா நாஸ்கோவியாக், ஜான் பால் எட்வர்ட்ஸ், ஹென்றி ஸ்விஃப்ட் என ஏழு பேர். தங்களுக்கு 'குரூப் எஃப் 64' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

பெயரைக் கேட்டால் ஏதோ சர்க்கார் பாரத்தின் நம்பர் மாதிரி இருக்கிறது. லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துவாரத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போகலாம். துவாரம் சின்னதாக ஆக, கிட்டே இருக்கிற புல்லும் தூரத்து மலையும் ஒருசேரத் தெளிவாக விழும். பெரிய பெட்டிகளில் அப்படிக் குறுக்கிக்கொண்டு போனால் வருகிற ஒரு கடைக்கோடி அளவுதான் எஃப் 64. பன்னிரண்டு அங்குல லென்ஸுக்கு அது ஓர் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எஃப் 8-இல் ஒரு வினாடி வெளிச்சம் போதுமானால் இதில் 64 வினாடி வேண்டும். அதுவரை காற்று அடிக்கக் கூடாது, இலை ஆடக் கூடாது. மங்கல் வேண்டாம், தடவல் வேண்டாம், உள்ளதை உள்ளபடி கூர்மையாகக் காட்டுவோம் என்கிற சபதத்தைத் தங்கள் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

1932 நவம்பர் 15-ஆம் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவின் டி யங் காட்சிசாலையில் அவர்களுடைய கண்காட்சி ஆரம்பமாயிற்று. விருந்தாளிகளாக இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் 80 படங்கள். ஒரு படம் 10 டாலர். வெஸ்டன் படம் மட்டும் 15.

அந்த ஐந்து டாலர் அதிகத்துக்கு வெஸ்டன் தகுதியானவர்தான். அவருடைய குடைமிளகாய்ப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1930-இல் கார்மெல் என்ற ஊரில் இருந்தபோது நாஸ்கோவியாக் அம்மாள் வாங்கிக்கொண்டு வந்த குடைமிளகாய்களை வெஸ்டன் நாள் கணக்கில் படம் எடுத்தார். மஸ்லின் துணியில் வைத்துப் பார்த்தார், அட்டையில் வைத்துப் பார்த்தார், திருப்தியில்லை. கடைசியில் ஒரு தகரப் புனலைப் படுக்க வைத்து அதன் வாய்க்குள் மிளகாயை வைத்தார். புனலின் உட்புறம் வெளிச்சத்தை நாலு பக்கமும் திருப்பிப் போட்டது. கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு உடல்களைப் போலவும், மல்லன் முறுக்கிய முதுகைப் போலவும் அந்தக் காய்கறி மாறிவிட்டது. முப்பதாவது படம் அது. ஏராளமான பேர் அதற்கு உள்ளர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். வெஸ்டன், குடைமிளகாய் குடைமிளகாய்தான் என்று சாதித்தார். வேலை முடிந்த பிறகு மாடல்களைச் சமையலுக்குக் கொடுத்துவிடுகிற வழக்கமும் அவருக்கு உண்டு. அவருடைய இருட்டறையில் உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரே ஒரு பல்பு. அதன் அடியில் காகிதத்தையும் நெகடிவையும் சேர்த்து வைத்து அச்செடுப்பார். வேறு யந்திரம் கிடையாது.

எனக்கு அந்த ஏழு பேரில் அதிக மரியாதை இமோஜன் கன்னிங்ஹாம் அம்மாளிடம்தான். வாட்கின்ஸைப் போலக் கோவேறு கழுதை கட்டிக்கொண்டு போக அவருக்கு வழியில்லை. வீட்டில் மூன்று ஆண் குழந்தைகள், அதில் இரண்டு இரட்டை. குழந்தைகளை விட்டு நகர முடியாததனால் கொல்லையில் இருந்த செடிகளைப் படம் எடுத்தார். 1920-களில் அப்படி எடுத்த மக்னோலியாப் பூ, பெரிய மலைப் படங்களுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. தொண்ணூறு வயதைத் தாண்டியும் காமிராவோடு அலைந்தவர் அவர். 1976-இல் தமது 93-ஆவது வயதில் காலமானார்.

சங்கம் என்றால் சண்டை உண்டு. இவர்களுக்கு எதிரியாக அகப்பட்டவர் வில்லியம் மார்ட்டென்ஸன். தெற்குக் கலிபோர்னியாக்காரர், ஹாலிவுட்டில் வேலை பார்த்தவர், நடிகைகளையும் சூனியக்காரிகளையும் பூதங்களையும் வேஷம் போட்டுப் படம் எடுப்பார், நெகடிவைக் கீறுவார், சுரண்டுவார், மேலே வரைவார். 'காமிரா கிராஃப்ட்' பத்திரிகையில் இரண்டு கட்சியும் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டன. ஆடம்ஸ் அவரைச் சாத்தான் என்ற அளவுக்குப் போய்விட்டார். கடைசியில் ஆடம்ஸ் கட்சிதான் ஜெயித்தது. ஆடம்ஸின் சிநேகிதர்கள் எழுதிய சரித்திரப் புத்தகங்களில் மார்ட்டென்ஸனின் பெயர் வெகு காலம் இல்லாமலே போயிற்று. இது எனக்கு உவப்பாக இல்லை. பூதத்தை வேஷம் போட்டுக் காட்டுவதுதான் என் போன்றவர்களின் பிழைப்பு. வாதத்தில் தோற்றவனின் பேரையே அழிப்பது வேறு கணக்கு.

சங்கம் 1935-க்குள் கலைந்துவிட்டது. சண்டையால் அல்ல. வெளியே ரொட்டிக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. வான் டைக்குக்குப் பாறையும் இலையும் போதவில்லை. ஜனங்களின் கஷ்டத்தைச் சொல்லும் சினிமாப் படம் எடுக்க நியூயார்க்குக்குப் போய்விட்டார். உலகமே இடிந்து விழுகிறது, ஆடம்ஸும் வெஸ்டனும் கல்லைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே என்று பிரெஞ்சுக்காரரான கார்ட்டியே பிரெஸ்ஸோன் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு.

கேள்வி நியாயமானது. ஆடம்ஸ் வாயால் பதில் சொன்னதைக் காட்டிலும் காரியத்தால் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. 1938-இல் ஸியரா மலைகளின் படங்களைப் புத்தகமாக்கி, மந்திரி ஹரால்டு இக்கிஸுக்கு ஒரு பிரதி அனுப்பினார். அது ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கைக்குப் போயிற்று. 1940-இல் கிங்ஸ் கான்யன் தேசியப் பூங்கா பிறந்தது. வாட்கின்ஸ் தொடங்கிய காரியம்தான். பிறகு யுத்தத்தின்போது, ஜப்பானிய வம்சத்தார் என்ற ஒரே குற்றத்துக்காக அமெரிக்கப் பிரஜைகளையே முகாம்களில் அடைத்து வைத்தார்கள். 1943-இல் ஆடம்ஸ் மான்ஸனார் முகாமுக்குப் போய், அங்கே இருந்தவர்களின் முகங்களைப் படம் எடுத்தார். மறு வருஷம் அது புத்தகமாக வந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் அப்படி ஒரு புத்தகம் போட நெஞ்சுரம் வேண்டும்.

இனி நிலாப் படம். 1941-இல் ஒரு சாயங்காலம். எட்டு வயது மகன் மைக்கேலும் சிநேகிதர் ஸெட்ரிக் ரைட்டும் கூட இருக்க, ஆடம்ஸ் நியூ மெக்ஸிகோவில் மோட்டாரில் வந்துகொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சின்னக் கிராமம். மாதா கோயில், அதன் அருகே கல்லறைகள். மேற்கே இறங்கும் சூரியன் கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. கிழக்கே மலைகளுக்கு மேல் நிலா. வண்டியைச் சாலை ஓரத்தில் கிட்டத்தட்டப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தி, அதைக் கொண்டு வா, இதைக் கொண்டு வா என்று கூச்சல் போட்டார். எட்டுக்குப் பத்துப் பெட்டி ஸ்டாண்டில் ஏறியது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைக் காணோம்! பெட்டி பெட்டியாகக் குடைந்தும் அகப்படவில்லை. சூரியன் காத்திருக்குமா? அப்போது நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 காண்டில் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அதிலிருந்து மனக்கணக்காகவே நேரத்தைக் கண்டுபிடித்தார். எஃப் 32, ஒரு வினாடி. எதற்கும் இன்னொன்று இருக்கட்டும் என்று தாள் வைத்த சட்டத்தைத் திருப்பிப் போட்டார். அதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெளிச்சம் போய்விட்டது.

ஆக, உள்ளது ஒரே நெகடிவ். அதிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளை அவர் தம் கையாலேயே அச்செடுத்திருக்கிறார். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் மேகங்கள் கொஞ்சம் தெரியும். வருஷம் ஆக ஆக, இருட்டறையில் வானத்துக்கு அதிக வெளிச்சம் கொடுத்துக் கொடுத்து அதைக் கறுக்க வைத்தார். பிற்காலப் பிரதிகளில் நிலாவைச் சுற்றிக் கரிய இருள்தான். உள்ளதை உள்ளபடி காட்டுவோம் என்று சபதம் செய்த சங்கத்துக்காரர்! மார்ட்டென்ஸனுக்கு இது தெரிந்திருந்தால் 'காமிரா கிராஃப்ட்'டுக்கு இன்னும் ஒரு கடிதம் போயிருக்கும். நான் ஆடம்ஸைக் குறை சொல்ல மாட்டேன். நெகடிவ் சங்கீத உருப்படி மாதிரி, அச்செடுப்பது கச்சேரி மாதிரி என்பது அவர் கட்சி. பழைய பியானோக்காரர் அல்லவா?

இவ்வளவு கணக்குப் பார்த்த மனிதர் தேதியை மட்டும் குறித்து வைக்கவில்லை. 1940 என்றும், 1941 என்றும், 1942 என்றும், 1944 என்றும்கூட அந்தப் படத்துக்கு வருஷம் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் போட்டோக்காரராக இருந்தால் நெகடிவின் அடியிலேயே பள்ளிக்கூடத்தின் பெயரையும் வருஷத்தையும் வெள்ளை எழுத்தில் எழுதிவிடுவார். கடைசியில் டென்னிஸ் டி சிக்கோ என்ற வான சாஸ்திரப் பத்திரிகைக்காரர், படத்தில் நிலா நிற்கிற இடத்தையும் மலைகளின் நிலையையும் கொண்டு கணக்குப் போட்டார். 1941 நவம்பர் முதல் தேதி, மாலை 4 மணி 49 நிமிஷம் என்று விடை வந்தது. அவர் அதை வெளியிட்டது 1991-இல். ஆடம்ஸ் காலமாகி அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது.